குழந்தையின் வயிற்றில் நிணநீர் தேங்குதல்: எம்.சி.டி. பால்மா, உருக்கெண்ணெய், அறுவை சிகிச்சை பற்றிய ஐயங்கள்

எல்லைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அருகே குடியிருக்கிறோம். எங்கள் இரண்டாவது மகனுக்கு இப்போது இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. பிறந்தபோது எடையில் குறைவில்லை. தாய்ப்பாலும் நன்றாகவே குடித்தான். நாற்பது நாள் கழிந்த பிறகு வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்தது. தோல் மினுங்கி நீல நரம்புகள் தெரியத் தொடங்கின, தொப்புள் வெளியே தள்ளியது, விரைப்பையும் வீங்கியது. மாந்தம் என்றும் உரைமருந்து கொடுத்தால் போதும் என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் பெருப்பது சரியாகப் படாததால் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் இருப்பது தெரிந்தது. ஊசி வழியே எடுத்த நீர் பால்போல் வெள்ளையாக இருந்ததைக் கண்டு என் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீர் வயிற்றறைக்குள் தேங்கும் இந்த நிலைக்கு கைலஸ் அசைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள்.

தாய்ப்பாலைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, எம்.சி.டி. எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு உள்ள பால்மா மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவரின் அறிவுரை. அந்த டப்பா இங்குள்ள மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. விலையும் எங்களால் எளிதில் தாங்கக்கூடியதாக இல்லை. எம்.சி.டி. என்பதே தேங்காய் எண்ணெய்தான், வீட்டில் காய்ச்சிய உருக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் வைத்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள். இது உண்மையா? பால்மாவினாலேயே குணமாகுமா, அல்லது அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். எங்கே தொடர்வது நல்லது? தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

---

குமரி_குழந்தைமருத்துவர் எழுதியது:

ஐயா, குழந்தையை நேரில் பார்த்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது. அவர் சொன்னதன் காரணம் உங்களுக்கு விளங்கினால் அதைக் கடைப்பிடிக்கும் உறுதி வரும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தாய்ப்பாலிலும் நம் சாதாரண உணவிலும் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி நீள்சங்கிலிக் கொழுப்பு. குடல் அதை நேராக இரத்தத்துக்குள் அனுப்புவதில்லை. கைலோமைக்ரான் எனப்படும் நுண்துகள்களாகக் கட்டி, குடலின் நிணநீர் நாளங்களுக்குள் விடுகிறது. அந்த வெண்மையான நிணநீர் முதுகெலும்புக்கு முன்னால் மேலேறி, மார்பு நாளத்தின் வழியாக இடது கழுத்தடியில் இரத்தத்தில் கலக்கிறது. இந்தப் பாதையில் எங்கேனும் நாளம் சரியாக உருவாகாமலோ, அடைபட்டோ, கசிந்தோ இருந்தால் அந்த நீர் வயிற்றறைக்குள் தேங்கும். பிறந்த சில வாரங்களில் இது வெளிப்படும்போது, நிணநீர் நாளங்களின் பிறவிக் குறைபாடே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. குடல் தவறான நிலையில் சுழன்று கிடப்பது, அடிபடுவது, வயிற்றில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, கட்டிகள் ஆகியவையும் காரணமாகலாம். டர்னர், நூனன் போன்ற மரபணு நிலைகளோடு சேர்ந்தும் இது வரலாம். அதனால்தான் உங்கள் மருத்துவர் ஸ்கேனோடு நிறுத்தாமல் மேலும் சில பரிசோதனைகள் எழுதியிருப்பார். அவற்றை வீண்செலவு என்று நினைத்துவிடாதீர்கள்.

இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி 1622இல் நாயின் குடலில் இந்த நாளங்களை முதன்முதலாகக் கண்டார். அந்த நாய் சற்று முன்புதான் உணவு உண்டிருந்தது; பட்டினி கிடந்த நாயில் அவருக்கு அந்த வெண்கோடுகள் தென்படவில்லை. குழந்தைகளிடமும் இதையே பார்க்கிறோம். இன்னும் பால் குடிக்கத் தொடங்காத பச்சிளங்குழந்தைக்கு வயிற்றிலிருந்து எடுக்கும் நீர் வெளிர்மஞ்சளாகத் தெளிந்தே இருக்கும். பால் குடித்த பிறகே அது வெள்ளையாகிறது. ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அந்த நீரில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு பொதுவாக டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதையும், வெள்ளணுக்களில் லிம்போசைட்டுகள் மிகுந்திருப்பதையும் கொண்டு உறுதி செய்கிறோம்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் கால்வாயில் கரை உடைந்தால், முதலில் மதகை இறக்கி வரத்தைக் குறைத்த பிறகே உடைப்பைச் சரிசெய்வார்கள். எம்.சி.டி. பால்மா அந்த மதகு வேலையைத்தான் செய்கிறது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பான எம்.சி.டி. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் சேர்ந்துவிடுவதால் நிணநீர் நாளங்களில் வரத்து குறைகிறது; கசிவு தானாக மூட அவகாசம் கிடைக்கிறது. பிறவிக் காரணத்தால் வரும் கசிவு பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வழியிலேயே, பொறுமையோடு தொடர்ந்தால், அடங்கிவிடுகிறது. அதற்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும்.

அறிகுறிகளில் ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது குடல் முறுக்காக இருக்கக்கூடும். அந்த நேரமே புறப்பட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிவது, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது ஆகியவையும் அதே வரிசையில் வருபவை. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு, அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ணி, மூச்சு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை வேகமான மூச்சாகக் கொள்ள வேண்டும்.

---

கம்பம்_தாய் எழுதியது:

அண்ணா, என் மகளுக்கும் இதேபோல் மூன்றாம் மாதத்தில் வந்தது. இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். உங்கள் மனைவிக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் அனுபவத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில், வயிறு பெருக்கும்போதெல்லாம் ஊசி போட்டு நீரை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்த அன்று குழந்தை இலேசாகி நன்றாகத் தூங்கும்; இரண்டொரு நாளில் மீண்டும் பழைய நிலைக்கு வரும். உணவை மாற்ற வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாளடைவில் குழந்தையின் பாதமும் கண்ணிமையும் வீங்கின, காய்ச்சலும் வந்துவிட்டது. பிறகு மதுரையில் வேறொரு மருத்துவர்தான் காரணத்தை விளக்கினார். எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளை நீரோடு புரதமும், நோயை எதிர்க்கும் அணுக்களும், நோயெதிர்ப்புப் புரதங்களும் வெளியேறிவிடுகின்றன என்றார். நோயை உறுதிசெய்யவும், மூச்சுத் திணறும்போது அழுத்தத்தைக் குறைக்கவும் எடுப்பது தேவை. மற்றபடி எடுப்பது அதற்கான சிகிச்சை ஆகாது என்றும் சொன்னார். உங்கள் மருத்துவமனையில் முதலிலேயே உணவை மாற்றச் சொன்னது நல்ல அறிகுறி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் வயிற்றுச் சுற்றளவை எப்படி எடுப்பது என்றும் சொல்லித் தந்தார்கள். தையல்காரரின் நாடா ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டோம். காலையில் முதல் பாலுக்கு முன்பு குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, தொப்புளுக்கு நேராக, அழாமல் மூச்சு விடும் நேரத்தில் எடுக்க வேண்டும். நாடா ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக இடுப்பின் இரு பக்கமும் பேனாவால் சிறு புள்ளி வைத்துவிட்டார்கள். குளிப்பாட்டிய பின் அதை மீண்டும் வைப்போம். யார் எடுக்கிறார்களோ அவரே எல்லா நாளும் எடுக்க வேண்டும். நாடாவை என் மாமியார் பிடித்தால் ஒரு கணக்கும் நான் பிடித்தால் வேறு கணக்கும் வந்துகொண்டிருந்தது.

எடை கூடுவதைக் கண்டு மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள், அண்ணா. வயிற்றில் நீர் சேர்ந்தாலும் தராசில் எடை கூடும். எடையும் சுற்றளவும் சேர்ந்து கூடினால் அது நீர். சுற்றளவு குறைந்தோ நிலையாகவோ இருக்க எடை கூடினால் அது வளர்ச்சி. மேற்கையின் தசை பிடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

---

உணவியல்_பாலக்காடு எழுதியது:

உருக்கெண்ணெய் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். எல்லையின் இரு பக்கத்திலும் இதே கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டார் சொல்வதில் பாதி உண்மை உண்டு என்பதுதான் இதில் ஆபத்து. கடையில் விற்கும் எம்.சி.டி. எண்ணெய் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவிதை எண்ணெயிலிருந்தோதான் தயாரிக்கப்படுகிறது. தயாரிக்கும்போது அதிலிருந்து 8 கார்பன், 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். பட்டியலில் அதையும் நடுத்தரச் சங்கிலி என்று எழுதுவது வழக்கம். ஆனால் உடலுக்குள் அதன் கணிசமான பங்கு கைலோமைக்ரானாகக் கட்டப்பட்டு நிணநீர் வழியாகவே செல்கிறது. அதற்கு மேல் மிரிஸ்டிக், பால்மிட்டிக், ஓலிக் என்று மீதமுள்ளவை அசல் நீள்சங்கிலிக் கொழுப்புகள். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவைத்துக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயானாலும், செக்கெண்ணெயானாலும், ஆலையெண்ணெயானாலும் இந்தக் கணக்கு மாறாது. காய்ச்சுவதால் 12 கார்பன் 8 கார்பனாகிவிடாது.

மருத்துவமனையில் உணவியல் வல்லுநர் கணக்கிட்டு, எம்.சி.டி. கிடைக்காத நிலையில் கொழுப்பு நீக்கிய பாலோடு தேங்காய் எண்ணெயைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு. அது நாள்தோறும் எடையும் சுற்றளவும் பார்த்து எடுக்கப்படும் முடிவு. அதைக் காரணம் காட்டி வீட்டில் நாக்கில் தடவுவது முற்றிலும் வேறு. கைக்குழந்தையின் வாயில் எண்ணெயை நேரடியாக விடுவதால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடும். இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். உடற்பயிற்சி செய்பவர்களுக்காக விற்கப்படும் எம்.சி.டி. எண்ணெய்ப் புட்டிகளையும் வாங்கி நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கின்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும்.

பால்மா வாங்கும்போது டப்பாவின் முகப்பை மட்டும் பார்க்காதீர்கள். பின்புறத்தில் மொத்தக் கொழுப்பில் எம்.சி.டி. எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். இந்த நோய்க்கென உள்ள பால்மாக்களில் அது 80 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கான பால்மாவிலும் எம்.சி.டி. ஓரளவு சேர்ப்பார்கள், கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று அதை எடுத்துக் கொடுக்கக்கூடும். மருத்துவர் எழுதிய பெயரும் விழுக்காடும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பா பாதியாகும்போதே அடுத்ததற்குச் சொல்லிவைப்பது அவசியம். இடையில் இரண்டு நாள் கிடைக்கவில்லை என்று சாதாரணப் பாலுக்கு மாறினால், மூடத் தொடங்கிய கசிவு மீண்டும் திறக்க வாய்ப்பு உண்டு. கரண்டிக் கணக்கிலும் தண்ணீர்க் கணக்கிலும் சிக்கனம் செய்து நீர்க்கக் கரைத்துவிடக் கூடாது. புரதத்தை ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் குழந்தை அது.

எம்.சி.டி. மட்டுமே நீண்ட நாள் கொடுத்தால் லினோலெயிக் அமிலம் போன்ற இன்றியமையாக் கொழுப்புகள் குறைந்துவிடும். தோல் வறண்டு செதிலாவது, வளர்ச்சி தேங்குவது என்று அது வெளிப்படும். ஆகவே உணவிலிருந்து கிடைக்கும் மொத்த ஆற்றலில் சில விழுக்காடு அளவுக்கு அந்தக் கொழுப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அந்த நீரோடு வெளியேறுவதால் தனியாகக் கொடுக்கப்படும். மருத்துவர் எழுதும் சொட்டு மருந்து இதற்குத்தான். சத்து மருந்துதானே என்று விட்டுவிடாதீர்கள்.

---

எல்லைச்சாலை எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. உருக்கெண்ணெய் இனி வீட்டில் பேச்சாக இருக்காது. டப்பாவை எடுத்துப் பார்த்தோம். விழுக்காடு சரியாகவே இருக்கிறது.

என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. தன் பாலே குழந்தைக்கு நஞ்சாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பாலை வற்றச் செய்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உடம்பில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா என்றும் அம்மா கேட்கிறார்.

---

செவிலி_மார்த்தாண்டம் எழுதியது:

ஐயா, பாலை வற்றவிட வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். அவர் பாலில் எந்தக் குறையும் இல்லை. அதில் உள்ள கொழுப்பைக் கடத்தும் பாதை குழந்தைக்கு இப்போது பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதை சரியானதும் அதே பால் மீண்டும் தேவைப்படும். பகலும் இரவும் சேர்த்து ஒரு நாளில் 8 முறையாவது கையாலோ பம்பாலோ பீய்ச்சி எடுக்க வேண்டும். இரவில் ஒருமுறையையாவது விடக் கூடாது, இரவில் எடுப்பதுதான் சுரப்பைத் தக்கவைக்கிறது. எடுக்கும் பாலை நாளும் நேரமும் எழுதி மூடிய பாத்திரத்தில், குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் 4 நாள் வரை வைக்கலாம். தனிக் கதவுள்ள உறைபெட்டியில் சுமார் 6 மாதம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவுப் பெட்டிக்குள் இருக்கும் பனித்தட்டில் அவ்வளவு நாள் தாங்காது.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் தாய்ப்பால் வங்கியும் உள்ள சில மருத்துவமனைகளில், தாய்ப்பாலைக் குளிரூட்டிய மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மேலே திரளும் கொழுப்பை நீக்கிவிட்டு, அடியில் உள்ளதை எம்.சி.டி.யும் சத்துகளும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நோயெதிர்ப்புப் புரதங்கள் அந்தக் கொழுப்பற்ற பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கின்றன என்பதால் இது நல்ல வழி. வீட்டில் பெட்டிக்குள் ஆறவைத்து ஆடையை வழித்தெடுத்தால் எவ்வளவு கொழுப்பு மீதமிருக்கிறது என்று தெரியாது. ஆகவே வீட்டில் முயலாமல், உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பால் கட்டியிருக்கும்போது இதமான வெந்நீர்த் துணி ஒற்றி, வலி அடங்கும் அளவுக்கு எடுத்துவிட வேண்டும். சிவந்து காய்ச்சல் வந்தால் அவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால் கொடுக்க முடியாவிட்டாலும் குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் கிடத்திக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. சுரப்புக்கும் அது உதவும், அவர் மனத்துக்கும் உதவும்.

எண்ணெய் தேய்ப்பதைப் பொறுத்தவரை, வயிற்றை உருவிவிடுவதும் அழுத்தித் தேய்ப்பதும் இந்தக் குழந்தைக்கு அறவே கூடாது என்று பாட்டியிடம் சொல்லுங்கள். கை கால்களில் மெதுவாகத் தடவுவதைக் கூட உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

---

தோவாளை_வாசகர் எழுதியது:

மன்னிக்க வேண்டும், இங்கே எல்லாரும் காத்திருக்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓட்டை இருப்பது தெரிந்த பிறகு அதைத் தைத்து மூடாமல் ஏன் வாரக்கணக்கில் ஒரு குழந்தையை வாட வைக்க வேண்டும்? என் உறவினர் மகனுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் குணமானது. தள்ளிப்போடுவது செலவையும் துன்பத்தையும் கூட்டும் என்பதே என் கருத்து.

---

சேய்_அறுவை எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். நான் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவன் என்பதால், முதலில் கத்தியை எடுப்பதில்லை என்பதன் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கசிவு ஓரிடத்தில் இருந்தால், அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால், அதைக் கட்டி மூடலாம். பிறவியிலேயே நாளங்கள் பரவலாக விரிந்தும் மெலிந்தும் இருக்கும் குழந்தைக்கு வயிற்றைத் திறந்தால், குடல் தாங்கிச் சவ்வு முழுவதிலிருந்தும் வியர்வை அரும்புவது போல நீர் கசிவதைத்தான் பார்ப்போம், எங்கே தைப்பது? இந்த நாளங்கள் மயிரிழை அளவே இருப்பவை, கட்டுவதற்காகத் தொட்டாலே இன்னொன்று கிழியும். புரதமும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்த குழந்தைக்குப் புண் ஆறுவதும் கடினம். ஆகவேதான் உணவு மாற்றத்தில் தொடங்குகிறோம். அதில் நீர் குறையவில்லை என்றால் வாய்வழி உணவை முற்றிலும் நிறுத்தி, சத்துகளை நேராக இரத்தக்குழாயில் ஏற்றும் சிரைவழி ஊட்டத்துக்குப் போகிறோம். அதோடு ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தைத் தொடர்ந்து ஏற்றுவதும் உண்டு. குடலின் சுரப்பையும் அங்குள்ள இரத்த ஓட்டத்தையும் அது குறைப்பதால் நிணநீர் வரத்தும் குறைகிறது. குழந்தைகளில் இந்த மருந்தின் அளவும் காலமும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். இரத்தச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், குடலின் நிலை ஆகியவற்றைக் கண்காணிக்காமல் இதைக் கொடுக்கக் கூடாது.

உணவு மாற்றம், சிரைவழி ஊட்டம் ஆகிய இரண்டையும் பொதுவாக 4 முதல் 8 வாரம் வரை முயன்று, பலன் இல்லாத நிலையில்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம். இதற்கு விலக்கும் உண்டு. குடல் சுழற்சிக் கோளாறு, அடைப்பு, கட்டி என்று சரிசெய்யக்கூடிய காரணம் தெரிந்துவிட்டால் ஒரு நாளும் காத்திருப்பதில்லை. உங்கள் உறவினர் மகனுக்கு என்ன காரணம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் கசிவு இருந்திருந்தால் அவருக்குச் செய்தது முற்றிலும் சரியே.

அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு கொழுப்பு நிறைந்த பாலோடு சூடான் என்ற கொழுப்புச் சாயத்தைக் கலந்து குழந்தைக்குக் கொடுப்பது ஒரு வழக்கம். குடல் அதைக் கொழுப்போடு நிணநீருக்குள் அனுப்ப, வயிற்றைத் திறந்ததும் கசியும் இடம் நிறத்தால் காட்டிக்கொடுக்கும். இடம் தெரிந்தால் தையலும் அதன் மேல் ஃபைப்ரின் பசையும் வைக்கலாம். இப்போது பெரிய மையங்களில் தொடைமடிப்பு நிணநீர் முடிச்சுக்குள் சாயம் செலுத்தி எம்.ஆர்.ஐ. மூலம் நாளங்களின் வரைபடத்தையே எடுக்கிறார்கள்; திறக்கலாமா, எங்கே திறக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய அது உதவுகிறது. பரவலான நிணநீர்க் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்கு சிரோலிமஸ் மாத்திரை பயன்படுகிறது. அது நோயெதிர்ப்பைத் தாழ்த்துவதால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, தடுப்பூசிகளையும் கணக்கில் கொண்டு கொடுக்க வேண்டிய மருந்து.

எங்கே தொடர்வது என்ற கேள்விக்கு: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்தால் அங்கேயே தொடருங்கள். சிரைவழி ஊட்டமும் குழந்தை அறுவைப் பிரிவும் ஒருங்கே தேவைப்படும் நிலை வந்தால் அவர்களே மதுரைக்கோ, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். எல்லை தாண்டும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். இதுவரை எடுத்த நீரின் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், சுற்றளவும் எடையும் எழுதிய ஏடு, பால்மா டப்பாவின் பின்புறப் படம் ஆகியவை கையில் இருக்கட்டும். அந்த ஏடு இல்லாமல் வரும் குழந்தைக்கு நாங்கள் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது; அந்த வாரங்கள் வீணாகின்றன.

---

எல்லைச்சாலை எழுதியது:

பால்மாவில் சற்றுக் குறைந்து மீண்டும் கூடியதால் மகனை உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறார்கள். வாய்வழி எதுவும் இல்லை, எல்லாம் சிரைவழிதான். ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. கொழுப்பே கூடாது என்று சொன்ன மருத்துவர்கள், இப்போது பால் நிறத்தில் ஒரு கொழுப்பு மருந்தைக் குழாயில் ஏற்றுகிறார்கள். வயிற்றிலிருந்து எடுத்த அதே நிறம். பார்த்ததும் பதறிவிட்டோம். கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

---

குமரி_குழந்தைமருத்துவர் எழுதியது:

ஐயா, தயங்காமல் கேட்டிருக்கலாம். எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். குழாயில் ஏற்றுவதும் நீள்சங்கிலிக் கொழுப்பு அடங்கிய கரைசல்தான், ஆனால் அது குடலைத் தொடாமல் நேராக இரத்தத்தில் சேர்கிறது. குடலில் உறிஞ்சப்படாத கொழுப்பு குடலின் நிணநீர் நாளத்துக்குள் செல்வதில்லை. ஆகவே அது கசிவைக் கூட்டாது. மூளை வளர்ச்சிக்கும் எடைக்கும் தேவையான கொழுப்பை இப்போதைக்கு இந்த வழியில்தான் கொடுக்க முடியும். இந்த நாள்களில் நாங்கள் அஞ்சுவது குழாய் வழியே நுழையும் கிருமியை. குழந்தையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பார்க்க வரும் உறவினர்களைக் கட்டுப்படுத்துவது ஆகிய இரண்டையும் நீங்கள் உறுதியாகச் செய்தால் அதுவே எங்களுக்குப் பெரிய துணை.

---

கம்பம்_தாய் எழுதியது:

அண்ணா, அண்ணியை மாற்றி உட்கார வீட்டில் யாராவது இருக்கிறார்களா? என்னைத் தேற்ற ஒருவர் இருந்த நாள்களில்தான் எனக்குப் பால் எடுக்கவே முடிந்தது. அவர் விரும்பினால் இந்தத் தளத்தின் தனிமடலில் எனக்கு எழுதச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பதில் எழுதுவேன்.

---

எல்லைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றியோடு எழுதுகிறேன். வயிறு வற்றியிருக்கிறது. ஸ்கேனில் மிகச் சிறிய அளவே நீர் தெரிகிறது. சிரைவழி ஊட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, எம்.சி.டி. பால்மாவை மீண்டும் தொடங்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்கையில் தசை பிடிக்கிறது. மனைவி இன்னும் பால் எடுத்து வருகிறாள்.

இனி இரண்டு கேள்விகள். தாய்ப்பாலை எப்போது, எப்படி மீண்டும் தொடங்குவார்கள்? ஆறாம் மாதம் சோறு ஊட்டும்போது எங்கள் பக்கத்து வழக்கப்படி ஏத்தன்காய் (நேந்திரன் வாழைக்காய்) பொடியில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாமா?

---

உணவியல்_பாலக்காடு எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி, ஐயா. நீர் வற்றியவுடன் பழைய பாலுக்குத் திரும்புவதில்லை. வற்றிய பிறகும் சில வாரங்களோ மாதங்களோ எம்.சி.டி. உணவைத் தொடர்ந்து, பிறகு ஒரு வேளைப் பாலை மட்டும் மாற்றி, சுற்றளவும் ஸ்கேனும் நிலையாக இருப்பதைப் பார்த்து, அடுத்த வேளையை மாற்றுவார்கள். அந்த நாள்களில் காலை நாடாக் கணக்கை முன்பைவிடக் கவனமாக எழுதுங்கள். கூடத் தொடங்கினால் உடனே தெரிவித்து ஒரு படி பின்வாங்க வேண்டும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. பல குழந்தைகளுக்கு இரண்டாம் முயற்சியில்தான் ஏற்றுக்கொள்கிறது.

ஏத்தன்காய்ப் பொடி மிகவும் நல்லது; அதில் கொழுப்பு மிகக் குறைவு. பசும்பாலும் தேங்காய்ப்பாலும் நெய்யும் சேர்க்காமல் தண்ணீரிலேயே நன்றாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறிய பிறகு கரைத்துவைத்த எம்.சி.டி. பால்மாவை அதில் கலந்துகொள்ளுங்கள். குழைந்த சோறு, பாசிப்பருப்புத் தண்ணீர், வேகவைத்து மசித்த பூசணி, காரட், எண்ணெய் தடவாத தட்டில் அவித்த இட்டலி ஆகியவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தேங்காய், நிலக்கடலை, முட்டையின் மஞ்சள் கரு, தாளிப்பு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். இன்றியமையாக் கொழுப்புக்காக ஏதேனும் ஓர் எண்ணெயை மி.லி. கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தால் அதை மருந்தாகவே கருதி, சமையல் கரண்டியால் அல்லாமல் ஊசிக் குழலால் அளந்து, கஞ்சியில் கலந்து கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் தோலின் வறட்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால்தான் அந்த மி.லி. போதுமா என்று முடிவு செய்ய முடியும்.